தகட்டின் மூலையில் ஓர் எண்

பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம் எதற்குள் போனாலும் மரத்தடியில் ஒரு சிறு தகடு இருக்கும். தாவரப் பெயர், குடும்பம், பூர்வீகம் என்று மூன்று வரி. படித்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவோம். தகட்டின் மூலையில் 1987-0212 என்பதுபோல ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பூங்காவையும் தாவரவியல் தோட்டத்தையும் பிரிப்பது அந்த எண்தான். மரம் அழகா, அபூர்வமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எண் இல்லாத மரம் நிழல் தரும், இலை வடிவம் காட்டவும் உதவும். இது எங்கிருந்து வந்தது, எப்போது நட்டது, இதே விதைக் குவியலில் முளைத்த மற்றவை என்னவாயின என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால்தான் சிக்கல். பதில் சொல்லும் பதிவேடு இருந்தால் அங்கிருந்து பாடம் தொடங்கும். இல்லையென்றால் கேள்வியோடு நின்றுவிடும்.

இந்தத் தோட்டங்கள் பிறந்ததே செடியை அடையாளம் காணப் பழக்குவதற்காகத்தான். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் மூலிகைப் பாடம் நடத்திய பிரான்செஸ்கோ பொனாஃபெதே, அசல் மூலிகையையும் போலியையும் மருத்துவ மாணவர்கள் பிரித்தறியச் செடிகள் உயிரோடு கண்முன் இருக்க வேண்டும் என்று தோட்டம் கேட்டார். 1545-ல் அது அமைந்தது. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே பீசாவில் லூக்கா கீனி ஒன்றைத் தொடங்கியிருந்தார். அந்தத் தோட்டம் பின்னர் இரண்டு முறை இடம் மாறியது. பாதுவா தோட்டம் இன்றும் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது. இரவில் மூலிகைகள் களவு போனதால் சுற்றி வட்டமாக மதில் எழுப்பினார்கள். அங்கே 1585-ல் நட்ட ஒரு குட்டைப் பனை இன்னும் நிற்கிறது. 1786-ல் அங்கே போன ஜெர்மன் கவிஞர் கோதே, அதன் இளம் இலை ஈட்டிபோலத் தொடங்கி, படிப்படியாகப் பிரிந்து விசிறியாவதைப் பார்த்தார். செடியின் உறுப்புகளெல்லாம் ஒரே அடிப்படை உறுப்பின் மாற்றங்கள் என்ற அவருடைய எண்ணத்துக்கு அந்தப் பனை துணை நின்றது. நட்ட ஆண்டை யாரோ எழுதிவைத்ததால்தான் அந்த மரத்தின் வயதை இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வெட்டி எண்ணவும் வழியில்லை.

எண்ணுக்கு வருவோம். முன்பகுதி, செடியோ விதையோ தோட்டத்துக்குள் வந்த ஆண்டு. பின்பகுதி, அந்த ஆண்டின் வரவு வரிசை. ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே இனத்திலிருந்து எடுத்த விதை முழுவதும் ஒரே எண்ணில் ஏறும். அதிலிருந்து முளைத்து நடப்படும் ஒவ்வொரு செடிக்கும் எண்ணின் வாலில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து சேரும். செடி செத்துப்போனாலும் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. இறந்த தேதியும், தெரிந்தால் காரணமும் பதிவில் ஏற வேண்டும். பல தோட்டங்கள் சறுக்குவது இங்கேதான். வரவை எழுதுகிறவர்கள் சாவை எழுதுவதில்லை. பதிவேட்டில் ஆயிரம் செடி, நேரில் எழுநூறு என்று ஆனபின் அந்தப் பட்டியலை நம்பி ஒருவரும் வகுப்பு திட்டமிட முடியாது. இதற்கு மாற்று எளிது. ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்குப் பாத்திகளை, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, செடி செடியாக நேரில் சரிபார்த்தால் ஐந்து ஆண்டில் முழுத் தோட்டமும் ஒரு சுற்று முடியும். மொத்தமாக ஒரே ஆண்டில் செய்யலாம் என்று தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

எண்ணோடு மூலத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் பதிவில் இருக்கும். தோட்டங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறப் பொதுவாக வைத்துக்கொண்ட முறையில் டபிள்யூ என்றால் காட்டிலிருந்து நேரடியாக எடுத்தது. இசட் என்றால் காட்டிலிருந்து வந்த தாய்ச்செடி தோட்டத்தில் கொடுத்த விதையிலோ தண்டிலோ வளர்த்தது. ஜி என்றால் காட்டுமூலம் இல்லாதது. யூ என்றால் தெரியாது. யூ போடக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஊகித்து எழுதிய டபிள்யூவைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த ஓர் எழுத்து ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரே பேரினத்தின் பத்து இனங்களை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் பக்கத்துப் பக்கத்தில் நடுகிறோம். காட்டில் மலைகளும் கடல்களும் பிரித்துவைத்த இனங்கள் இப்போது நான்கு மீட்டர் இடைவெளியில் ஒரே வாரத்தில் பூக்கின்றன. தேனீ பெயர்ப்பலகை படிப்பதில்லை. அங்கே காய்த்த விதையை எடுத்து விதைத்தால் கலப்பினம் முளைக்கலாம். தாயின் பெயரையே அதற்கும் எழுதி வேறொரு தோட்டத்துக்கு அனுப்பினால், பிழை தகட்டோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகும். தோட்டங்கள் ஆண்டுதோறும் விதைப்பட்டியல் வெளியிட்டு ஒன்றுக்கொன்று இலவசமாக விதை அனுப்பிக்கொள்ளும் பழைய, நல்ல வழக்கத்தின் பலவீனமான முனை இதுதான். இன்னது இன்னதோடு கலக்கும் என்று தெரிந்த இனங்களில் பூக்கும் முன்பே பூங்கொத்தை மெல்லிய துணிப்பையால் மூடிக் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் அந்த விதைக்குப் பெயர் சொல்லலாம். இதையே மாணவர்களுக்குச் செய்முறையாக வைக்கலாம். துணிப்பை கட்டிய கொத்து, கட்டாத கொத்து இரண்டிலும் வந்த விதைகளைத் தனித்தனியே முளைக்கவைத்து நாற்றுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால், இனம் என்றால் என்ன என்ற விவாதம் தானாக வரும்.

தாவரப் பெயர் மாறும், எண் மாறாது. பெயரைச் சரிபார்த்தவர் யார், எந்த ஆண்டு, பூவை வைத்தா காயை வைத்தா என்பதும் பதிவில் இருந்தால் அடுத்தவர் அதை மறுக்கவோ உறுதிசெய்யவோ முடியும். விதைப்பொட்டலத்தில் வந்த பெயரை அப்படியே தகட்டில் ஏற்றிவிட்டு, செடி முதல்முறை பூக்கும்போது சரிபார்க்காமல் விடுவது பரவலான தவறு.

தகட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் அலட்சியமாக விடப்படும் விஷயம் அது. மார்க்கர் பேனா எழுத்து வெயிலில் வெளுத்துவிடும். "அழியாத மை" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பென்சிலின் காரீயம் வெளுக்காது. நாற்றங்காலில் சொரசொரப்பான பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதுவது பல ஆண்டு நிற்கும். நிலையான இடத்துக்கு எழுத்தை அழுத்திப் பொறித்த அலுமினியப் பட்டையோ, இரண்டு நிற அடுக்குள்ள பிளாஸ்டிக்கில் செதுக்கிய பலகையோ சரி. மரத்தில் பொருத்துவதென்றால் துருப்பிடிக்காத திருகாணியும், தலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சுருள்வில்லும் வேண்டும். மரம் பருக்கும்போது சுருள் அமுங்கி இடம் கொடுக்கும். இறுக்கி அடித்த பலகையை மரம் சில ஆண்டுகளில் விழுங்கிவிடும். கிளையைச் சுற்றிக் கம்பி கட்டவே கூடாது. கிளை பருத்ததும் கம்பி பட்டையை அறுத்து, அதற்கு மேலே உள்ள பகுதியைக் கொன்றுவிடும். குச்சியில் சொருகிய தகடுகள் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் குறும்புக் கைகளுக்கும் பலியாகும். ஆகவே எண் மட்டும் பொறித்த இரண்டாவது தகட்டை ஒவ்வொரு செடிக்கும் ஒரே திசையில், மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவைப்பது நல்லது. மேலே உள்ளது தொலைந்தாலும் கீழே உள்ளது பேசும்.

தோட்டத்தின் இன்னொரு பெரிய பாடப்புத்தகம், குடும்பவாரியாக அமைத்த பாத்திகள். பூவின் புறவடிவத்தை வைத்து வகுத்த பழைய வரிசையில் பல தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. 1998 முதல், மரபணு ஒப்பீட்டை வைத்துப் பூக்கும் தாவரங்களை மறுபடி வகைப்படுத்தும் பட்டியல் வெளிவருகிறது. நான்காம் பதிப்பு 2016-ல் வந்தது. அதன்படி தாமரைக்கும் அல்லிக்கும் நெருங்கிய உறவு இல்லை. இரண்டும் தண்ணீரில் வாழ்கின்றன, இரண்டுக்கும் அகன்ற இலை, அவ்வளவுதான். தாமரையின் சொந்தங்கள் நிலத்தில் நிற்கும் பிளேன் மரங்களும் புரோட்டியா புதர்களும். பப்பாளி, முருங்கை, கடுகு மூன்றும் ஒரே வரிசையில், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த ஒரே பெரிய குழுவில், வருகின்றன. இதைச் சொன்னால் மாணவர்கள் நம்பமாட்டார்கள். முருங்கை இலையையும் கடுகு இலையையும் பப்பாளி விதையையும் தனித்தனியே கசக்கி முகரக் கொடுத்தால் முகம் மாறும். அந்தக் காரநெடி கடுகெண்ணெய்ச் சேர்மங்களால் வருவது. அந்த வரிசையின் பொதுச்சொத்து. வாசனை எல்லா உறவுக்கும் சாட்சி ஆகாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

வகைப்பாடு மாறும்போதெல்லாம் பாத்திகளைப் பெயர்த்து நடுவது கட்டுப்படியாகாது, மரங்களை நகர்த்தவும் முடியாது. பழைய வரிசையை அப்படியே விட்டு, இடம் மாறிய குடும்பங்களுக்கு மட்டும் வேறு நிறத் தகடு வைத்தால் போதும் என்பது என் கட்சி. அறிவியல் தன் முடிவைத் திருத்திக்கொண்ட இடம் எது என்று மாணவர் கண்ணால் பார்க்கலாம். எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டால் அந்தத் தழும்பு மறைந்துவிடும்.

ஒரு செடியைக் காட்டி "இதுதான் இந்த இனம்" என்று சொல்லிவிடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு: ஓர் இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பது தெரியாமல் போகும். கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ இதை நன்றாக உணர்ந்தவர். 1846-ல் திறந்த புதிய தோட்டத்தில் கறுப்புப் பைனின் பல வட்டார வடிவங்களை ஒப்பிடும்படி நடவைத்தார். உலர்தாவரத் தாளிலும் ஒரே இனத்தின் பல மாதிரிகளை, குட்டையானது முதல் நெட்டையானது வரை வரிசையாக ஒட்டினார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். ஒரு தோட்டத்தில் இடம் இருந்தால் நூறு இனங்களில் ஒவ்வொன்று வைப்பதோடு நிற்காமல், ஏதாவது ஓர் இனத்தில் வெவ்வேறு இடத்து விதையிலிருந்து வந்த இருபது செடிகளையும் வைக்க வேண்டும்.

வகுப்பு நடத்தும் விதத்துக்கு வருகிறேன். தொண்ணூறு நிமிடத்தில் நாற்பது செடி காட்டும் நடை, கல்வி அல்ல, சுற்றுலா. மறுநாள் நான்கு பெயர் நினைவிருந்தால் அதிகம். பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் இருந்தால் பின்வரிசைக்குச் செடி தெரியாது, முதுகுதான் தெரியும். ஒரு வகுப்புக்கு மூன்று நிறுத்தம் போதும். முதல் நிறுத்தத்தில் பேச்சே வேண்டாம். ஆளுக்கு ஒரு கிளையைப் பார்த்துப் பத்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வரையத் தொடங்கினால்தான் இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறியா, காம்பின் அடியில் செதில் உண்டா, நரம்பு விளிம்பைத் தொடுகிறதா, தொடாமல் வளைகிறதா என்ற கேள்விகள் வரும். செடிகளைப் பின்னணிப் பச்சையாக மட்டுமே பார்த்துக் கடந்துபோகும் நம் வழக்கத்துக்கு ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷுஸ்லர் என்ற இரு கல்வியாளர்கள் 1999-ல் "தாவரக் குருட்டுத்தன்மை" என்று பெயர் வைத்தார்கள். பென்சிலைவிட நல்ல மருந்து அதற்கு இல்லை.

இரண்டாவது நிறுத்தத்தில் இனங்காணும் திறவுகோல். இரண்டிரண்டு கேள்வியாகப் பிரிந்து போகும் அந்தப் பட்டியலில், தொடக்கநிலை மாணவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் வழுக்குவார்கள்: இலை எது, சிற்றிலை எது. வேம்பின் ஒரு சிற்றிலையைக் கிள்ளி "இலை" என்று வைத்துக்கொண்டால் முதல் கேள்வியிலேயே வேறு பாதையில் போய்விடுவார்கள். கோணமொட்டைத் தேடச் சொல்ல வேண்டும். தண்டும் காம்பும் சேரும் கக்கத்தில் மொட்டு இருந்தால் அதற்கு மேலே இருப்பது முழு இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. அடுத்த தவறு, ஒரே ஓர் இலையை வைத்து முடிவெடுப்பது. நிழலில் வளர்ந்த கிளையின் இலை, அடிமரத்தில் புதிதாகத் துளிர்த்த கொழுந்து, வெயில் படும் உச்சி இலை மூன்றும் ஒரே மரத்தில் மூன்று விதமாக இருக்கும். திறவுகோலைப் பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: வந்த பெயரை எடுத்து, அதன் முழு விவரிப்போடு செடியை ஒப்பிடும்போது ஒரு பண்பு இடித்தாலும் திரும்பிப் போக வேண்டும். கிள்ளிப் பார்க்கும் பழக்கத்தோடு ஓர் எச்சரிக்கை: அரளி, குன்றிமணி, ஊமத்தை போன்றவை எங்கே நிற்கின்றன என்று வகுப்புக்கு முன்பே காட்டிவிட வேண்டும். பால் கசியும் செடியைத் தொட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது.

மூன்றாவது நிறுத்தம் மாதிரி எடுப்பது. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் சேர்த்துவைக்கும் முறையைத் தொடங்கியவர் என்று சொல்லப்படுபவரும் பீசாவின் லூக்கா கீனிதான். குளிர்காலத்தில் தோட்டத்தில் பூ இருக்காது, தாளில் இருக்கும். முறை எளிது, பொறுமைதான் அரிது. முப்பது நாற்பது சென்டிமீட்டர் கிளை, பூவோ காயோ அவசியம். இலை மட்டும் உள்ள கிளையை வைத்துப் பல குடும்பங்களில் இனம் சொல்ல முடியாது. செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பும்போது ஓர் இலையாவது அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பிவைக்க வேண்டும். நீண்ட தண்டை வெட்டாமல் இரண்டாக, மூன்றாக மடிக்கலாம். மடிப்புகளுக்கு நடுவே உறிஞ்சும் தாளும் அலைவரி அட்டையும் வைத்துச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, முதல் நான்கு நாள் தினமும் உறிஞ்சும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இலை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். உலர்பெட்டி இருந்தால் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் போதும். சீக்கிரம் ஆகட்டும் என்று சூட்டை ஏற்றினால் இலை நொறுங்கிப்போகும். சதைப்பற்றுள்ள செடியைக் கொதிநீரில் சில நொடி முக்கியெடுத்தோ நெடுக்குவாட்டில் பிளந்தோ வைக்க வேண்டும். இல்லையென்றால் சட்டத்துக்குள்ளேயே தொடர்ந்து வளரும்! காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்தால் தெரியும். ஜில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

உலர்ந்ததைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் மூடி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால் மாதிரியின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் ஏறத்தாழ 42-க்கு 29 சென்டிமீட்டர் அளவுள்ள அமிலமற்ற கெட்டித்தாளில் பசையாலோ தாள்பட்டையாலோ ஒட்டலாம். ஒட்டுநாடா மட்டும் வேண்டாம். மஞ்சளாகிப் பசை கசிந்து மாதிரியைக் கெடுக்கும். குறிப்புச்சீட்டில் உலர்ந்தபின் தொலைந்துபோகும் தகவல்களே முதலில் வர வேண்டும்: பூவின் நிறம், மணம், பால் உண்டா, செடியின் உயரம். தோட்டத்துச் செடியானால் மூலையில் இருந்த அந்த எண்ணும். பத்து ஆண்டு கழித்துத் தகட்டின் பெயரை யாராவது சந்தேகித்தால், மரமே இல்லாமல் போயிருந்தாலும், அன்றைய பூ சாட்சி சொல்லும்.

தோட்டத்து வேலிக்கு அப்பால் பல்கலைக்கழகம் விட்டுவைத்திருக்கும் காடோ புல்வெளியோ ஓடையோரமோ இருக்கும். அங்கே எதற்கும் தகடு இல்லை. தோட்டம் பெயரைப் பழக்குகிறது என்றால், இந்த இடம் எண்ணிக்கையைப் பழக்குகிறது. என்ன இருக்கிறது என்பதோடு, எவ்வளவு இருக்கிறது, எதன் பக்கத்தில் எது, போன ஆண்டுக்கு இந்த ஆண்டு என்ன மாறியது என்ற கேள்விகள்.

தரையில் ஒரு சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதைத்தான் எண்ணுகிறோம். புல்பூண்டுக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம், மரங்களுக்குப் பத்து மீட்டர் சதுரம் என்பது பொதுவான தொடக்கம். சரியான அளவு இதுதானா என்று தெரிய ஒரு சதுர மீட்டரில் தொடங்கி 2, 4, 8, 16 என்று பரப்பை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்த இனங்களை எண்ணிக் கோடு வரைய வேண்டும். கோடு தட்டையாகத் தொடங்கும் இடம் அந்த நிலத்துக்கு ஏற்ற அளவு. சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்து விழுந்த இடத்தில் கணக்கெடுப்பது தற்செயல் தேர்வு அல்ல. எறிகிறவர் முள்புதரைத் தவிர்ப்பார், தன்னையறியாமல் பூ உள்ள பக்கம் திரும்புவார். இரண்டு நாடாக்களைச் செங்குத்தாக விரித்து, தற்செயல் எண் பட்டியலிலிருந்து இரண்டு எண் எடுத்து, அவை சந்திக்கும் புள்ளியில் சட்டத்தை வைப்பதுதான் முறை. அது முள்புதரின் நடுவே வந்தாலும் அங்கேதான் வைக்க வேண்டும்.

எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடும்போது ஒருவர் 20 என்பார், பக்கத்தில் இருப்பவர் 45 என்பார். ஒரு மீட்டர் சட்டத்தில் ஒரு சதவீதம் என்பது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். அந்த அளவில் ஓர் அட்டை வெட்டிக் கையில் கொடுத்தால் மதிப்பீடுகள் கிட்டே வரும். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் செடியை எண்ணுவதா என்ற சண்டை வராமலிருக்க, இரண்டு பக்கங்களில் வேரூன்றியதைச் சேர்த்துக்கொள், மற்ற இரண்டில் விட்டுவிடு என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டரில் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கமிருந்து அளக்க வேண்டும். பலகை வேர் உள்ள மரத்தை அதற்கு மேலே அளந்து, அளந்த உயரத்தையும் எழுத வேண்டும். 1.3 மீட்டருக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்தால் இரண்டையும் தனித்தனியே. முதல் ஆண்டு அளந்த இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த ஆண்டு வேறு குழு வேறு உயரத்தில் அளந்து "மரம் இளைத்துவிட்டது" என்று அறிக்கை எழுதாது. அப்படி எழுதிய அறிக்கைகள் இல்லாத துறை இருக்காது என்று நினைக்கிறேன்.

நிலையான சதுரங்களின் மூலைகளைக் கைப்பேசியின் இருப்பிடக் கணக்கை நம்பி விடக் கூடாது. திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும், மரக்கூரையின் கீழ் இன்னும் மோசம். அரை மீட்டர் இரும்புக் கம்பியைத் தலை மட்டும் தெரிய அடித்து, பக்கத்தில் உள்ள இரண்டு பெரிய மரங்களிலிருந்து தூரமும் திசையும் எழுதிவைக்க வேண்டும். சருகு மூடினாலும் உலோகம் கண்டறியும் கருவி காட்டிக்கொடுக்கும்.

இனி மிதிபடுதல். ஒரு பருவத்துக்கு அறுபது பேர் வந்து குந்தி எழுந்துபோகும் சதுரத்தில் கடைசியில் அளக்கப்படுவது காடு அல்ல, காலணி. நாற்றுகள் முதலில் காணாமல் போகும், அடுத்து மண் இறுகும், பிறகு மிதியைத் தாங்கும் புல்வகைகள் வந்து உட்காரும். ஆய்வுச் சதுரம் வேறு, பயிற்சிச் சதுரம் வேறு என்று பிரித்து, பயிற்சிக்கு ஐந்தாறு வைத்து ஆண்டுக்கொன்றாக மாற்றினால் மற்றவை மீளும். மிதிபட்டதை வீணாக்கவும் வேண்டாம். மீண்டுவரும் வேகத்தை அளப்பதே அடுத்த குழுவுக்கு ஒரு பயிற்சி.

இயற்கைப் பகுதி என்றால் எதுவும் செய்யாமல் விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் தோட்டக்காடு இதற்கு நல்ல மறுப்பு. பழைய விவசாய நிலத்தில் அங்கே 1930-களில் மறுபடி உருவாக்கத் தொடங்கிய பிரெய்ரி புல்வெளி, உலகின் மூத்த மீட்டெடுப்பு முயற்சிகளில் ஒன்று. விதைத்தும் நட்டும் வந்த புல்வெளிக்குள் வெளியிலிருந்து வந்த புல் விடாமல் புகுந்தது. 1940-களில் ஜான் கர்ட்டிஸும் சக ஆய்வாளர்களும் தீயிட்டுப் பார்த்த பிறகுதான், அவ்வப்போது எரிவது பிரெய்ரிக்கு அழிவல்ல, வாழ்க்கை முறை என்பது சோதனையால் உறுதியானது. வேர் ஆழத்தில் உள்ள பூர்வீகப் புல் எரிந்தபின் துளிர்க்கும். புதர்களும் சீக்கிரமே பச்சைவிடும் வந்தேறிப் புல்லும் அடிவாங்கும். மழைக்காட்டுக்கு அதே தீ பேரழிவு. எந்தத் தொந்தரவு அந்த நிலத்தோடு சேர்ந்து வளர்ந்தது என்று தெரியாமல் பராமரிப்புத் திட்டம் எழுத முடியாது. எரிப்பதையோ வெட்டுவதையோ ஒரே ஆண்டில் முழு நிலத்திலும் செய்யாமல், பூச்சிகள் தப்பித் திரும்பிவர மூன்றில் ஒரு பங்கையாவது விட்டுவைக்க வேண்டும்.

இதில் பெரிய எதிரி விழா நாள் சுத்தம். விழுந்த மரம், மக்கும் கட்டை, காய்ந்து நிற்கும் தண்டு எல்லாவற்றையும் அள்ளிவிடுவார்கள். பூஞ்சையும் வண்டும் பல்லியும் மரங்கொத்தியும் அதோடு போய்விடும். பாதையோரம் ஆபத்தாகச் சாய்ந்ததை மட்டும் வெட்டி, வெட்டியதை அங்கேயே கிடத்தி, "இது வேண்டுமென்றே விடப்பட்டது" என்று ஒரு பலகை வைத்தால் புகார்கள் பாதியாகக் குறையும்.

காலத்தோடு வரும் மாற்றத்தைக் காட்ட மிக மலிவான வழி, துளிர், பூ, காய், இலையுதிர்வு ஆகியவற்றின் தேதியைக் குறிப்பது. பத்து இனம், இனத்துக்கு ஐந்து மரம், எண்ணிட்டது. வாரம் ஒருமுறை, அதே கிழமை. ஒவ்வொரு நிலைக்கும் இல்லை, தொடக்கம், பாதிக்கு மேல், முடிவு என்று நான்கு குறி போதும். நுணுக்கம் கூடினால் ஆளுக்கு ஆள் வேறுபாடும் கூடும். "இல்லை" என்பதையும் எழுத வேண்டும். வெற்றுக் கட்டம் இருந்தால் பூக்கவில்லையா, பார்க்கப் போகவில்லையா என்று பின்னால் தெரியாது. இந்தப் பதிவுகள் விடுமுறையில்தான் சாகும். மாணவர் ஊருக்குப் போகும் ஆறு வாரத்தில்தான் பாதி மரங்கள் பூத்து முடிக்கும். விடுமுறைக்குத் தோட்டப் பணியாளர் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரையும் பதிவில் எழுதுவதுதான் தீர்வு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வைத்தம் காட்டில் 1947 முதல் கூடுப்பெட்டிகளில் சிட்டுவகைப் பறவைகளைப் பின்தொடர்கிறார்கள். அறுபதுகளோடு ஒப்பிட்டால் முட்டையிடும் நாள் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னுக்கு வந்திருப்பது அங்கே தெரிந்தது. வசந்தம் வெம்மையாகிக் கம்பளிப்புழுக்கள் முன்கூட்டியே வருவதோடு அது ஒத்துப்போகிறது. எந்த ஒரு மாணவரும் அதைத் தன் மூன்று ஆண்டில் கண்டுபிடித்திருக்க முடியாது.

இவ்வகைப் பதிவுகளில் என்னை மிகவும் கவர்ந்தது மிச்சிகனில் இருக்கிறது. இன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்ட கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் பீல், 1873-ல் அங்கே தோட்டம் தொடங்கினார். களை விதை மண்ணுக்குள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று அறிய, 1879-ல் இருபது கண்ணாடிக் குப்பிகளில் ஈர மணலோடு இருபத்தொரு வகை விதைகளை, வகைக்கு ஐம்பதாகக் கலந்து நிரப்பினார். நீர் தேங்காதபடி வாய் கீழ்நோக்கிச் சாய்த்து வளாகத்தில் புதைத்தார். ஐந்து ஆண்டுக்கு ஒரு குப்பி எடுப்பதாகத் திட்டம். பின்னால் வந்தவர்கள் இடைவெளியைப் பத்தாக்கினார்கள், அப்புறம் இருபதாக்கினார்கள். 2020-ல் எடுக்க வேண்டியது பெருந்தொற்றால் 2021-க்குத் தள்ளிப்போனது. பகல் வெளிச்சம் பட்டால் மீதிக் குப்பிகளின் விதைகள் முளைக்கத் தூண்டப்படலாம் என்பதால் இருட்டில் போய்த் தோண்டினார்கள். எடுத்ததைப் பரப்பிவைத்ததும் வெர்பாஸ்கம் என்ற களைச்செடிகள் முளைத்தன, 142 ஆண்டுக்குப் பிறகு. குப்பிகள் இருக்கும் இடத்தைச் சிலருக்கு மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் வரைபடம் ஒன்று உண்டு. மண்ணில் இன்னும் நான்கு குப்பிகள் இருக்கின்றன. அடுத்ததை 2040-ல் எடுக்க வேண்டும்.